போர்வைக்கும் பெயர் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ஒட்டுத்துணிப் போர்வைக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் புகைப்படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது. போர்வையைத் தைத்தவர் பெயர் இல்லை. 'கைவேலைப்பாடு' என்பதோடு சரி.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 'கில்ட்' எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைகளை நவீன ஓவியம்போலச் சுவரில் மாட்டியது. வண்ணமும் வடிவமும் பேசப்பட்டன. தைத்த பெண்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்களாகவே இருந்தார்கள்.

வழிவழியாக வந்த மாதிரியைப் பார்த்துத் தைப்பதில் சொந்தக் கற்பனை எங்கே என்று கட்டுரையாளர் கேட்கிறார். ஊசி பிடித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 'லாக் கேபின்' (மரக்கட்டை வீடு) என்ற பழைய மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சதுரம், சுற்றிலும் பட்டைகள், ஒரு பக்கம் வெளிர் நிறம், மறுபக்கம் அடர் நிறம். அதே கட்டங்களைத் திருப்பி அடுக்கினால் ஒருவருக்கு வைரம் வரும், இன்னொருவருக்குச் சாய்கோடுகள் வரும். அப்புறம் துணி இருக்கிறதே! அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். வெறும் கட்டங்களும் பட்டைகளும்தான். ஆனால் வெளுத்ததும் கறை படிந்ததுமான அந்தத் துணி வேறு யாரிடம் இருந்திருக்கும்? கணவரை நினைத்து அதைப் போர்த்திக்கொள்ளத்தான் தைத்தாராம், மகள் சொல்லியிருக்கிறார். இதையும் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்ப்பதா?

கேட்டு எழுதிவைக்க ஓர் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹேரியட் பவர்ஸ் சாட்சி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டுத்தையல் போட்ட தன் போர்வையைப் பணமுடையால் 1891இல் 5 டாலருக்கு விற்றார். விற்கும்போது ஒவ்வொரு கட்டமும் என்ன காட்சி என்று விளக்கினார். வாங்கிய ஓவிய ஆசிரியை அதைக் குறித்துவைத்தார். இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் போர்வையை பவர்ஸ் சொன்ன கதையோடு பார்க்க முடிவது அதனால்தான்.

ஆகவே, அடுத்த முறை படத்துக்குக் கீழே தைத்தவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். இடமிருந்தால், அந்தத் துணிகள் எதிலிருந்து வந்தவை என்றும் ஒரு வரி கேட்டுப் போடுங்கள். தைக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடித்துணியின் ஓரத்தில் உங்கள் பெயரையும் ஆண்டையும் நூலாலேயே தைத்துவிடுங்கள். மை துவைக்கத் துவைக்க மங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி