செயலாளரின் ஆண்டறிக்கை: ஃபைபர் பட்டறைச் சொற்பட்டியல்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இழையையும் பிசினையும் சேர்த்துப் பொருள் செய்யும் ஃபைபர் தொழில் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒரே வேலையைப் பற்றித்தான்: சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்படைத்த பட்டறைச் சொற்பட்டியல்.

அதில் அதிக நேரம் பிடித்தது, பிசினை இறுக வைக்க ஊற்றுவதைக் குறிக்கும் 'ஹார்டனர்'. பாலியெஸ்டர் பிசினில் ஊற்றும் எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) திரவத்துக்கும் அதே பெயர், எப்பாக்ஸி என்ற வேறு வகைப் பிசினோடு வரும் இரண்டாவது டப்பாவுக்கும் அதே பெயர். செய்கிற வேலையோ வேறு. எம்.இ.கே.பி. வினையைத் தொடங்கி வைப்பதோடு சரி. பிசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும். அந்த வரம்புக்குள் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் தாமதமாகும். எப்பாக்ஸி ஹார்டனர் அப்படியல்ல, பிசினோடு பிணைந்து பொருளின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. அவசரத்துக்குக் கூட்டி ஊற்றினால், மிஞ்சியது உள்ளேயே தங்கி பாகத்தின் வலுவைக் கெடுக்கும். பாலியெஸ்டரில் பழகிய கை எப்பாக்ஸிக்கு மாறும்போது பொருள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே எப்பாக்ஸிக்கு மட்டும் ஹார்டனர், எம்.இ.கே.பி.க்கு கேட்டலிஸ்ட் (வினையூக்கி) என்று முடிவு செய்தோம். வேதியியல்படி அது 'தொடக்கி', கேட்டலிஸ்ட் ஆகாது என்று ஓர் உறுப்பினர் வாதாடினார். நியாயமான வாதம். ஆனாலும் வேலை நேரத்தில் வாயில் வருவது கேட்டலிஸ்ட்தான் என்பதால் அதையே வைத்து, குறிப்பில் தொடக்கி என்று விளக்கியிருக்கிறோம்.

பட்டியலின் முதல் பக்கத்தை, பாலியெஸ்டர் பிசின் இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டருக்குக் கொடுத்திருக்கிறோம். எல்லாவற்றையும் 'மருந்து' என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடும்படி உங்களைக் கெஞ்சியே கேட்கிறேன். கோபால்ட் ஆக்சிலரேட்டரும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் ஆக்சிலரேட்டரைப் பிசினில் நன்றாகக் கலக்கி முடித்து, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். புதிதாக வந்த பையனிடம் "அந்த மருந்தை எடுத்து இதில் ஊற்று" என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, இழை அளவு. "50 சதவீதம் கண்ணாடி இழை" என்று ஆர்டரில் எழுதினால் எடையிலா, கன அளவிலா? கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5, இறுகிய பாலியெஸ்டர் பிசினுடையது சுமார் 1.2. எடையில் பாதி இழை என்றால் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவுதான் வரும். வலுவைக் கணக்கிடுபவர் கன அளவை மனதில் வைத்திருக்க, செய்பவர் எடையை வைத்திருந்தால் பாகம் எதிர்பார்த்த சுமையைத் தாங்காது. இனி எது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

வாய்டு, டீலாமினேஷன் இரண்டையும் பயிற்சிக் கூட்டத்தில் ஒரு பழைய பலகையை அறுத்தே காட்டினோம். பிசினுக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி வாய்டு. அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவது டீலாமினேஷன். அறுப்பதற்கு முன் நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். நல்ல இடத்தில் கணீரென்ற ஓசை. பிரிந்த இடத்தில் மந்தமான சத்தம். அந்த வித்தியாசத்தை எல்லோரும் காதாலேயே பிடித்துவிட்டார்கள்.

வேக்குவம் பேகிங், இன்ஃபியூஷன் பகுதியும் முடிந்தது. பிசின் பூசிய அடுக்குகளைப் பையால் அழுத்துவது முன்னது. உலர்ந்த இழைக்குள் வெற்றிடத்தால் பிசினை இழுப்பது பின்னது. ப்ரீப்ரெக் (முன்கூட்டியே பிசின் ஏற்றிய இழை), ஆட்டோகிளேவ் (வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கும் கலன்) சொற்கள் மட்டும் பாக்கி. நம்மில் அதைச் செய்பவர்கள் சிலரே என்பதால், அவர்களே எழுதித் தருவதுதான் முறை என்று செயற்குழு கருதுகிறது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

சொற்பட்டியலையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்