ஏ2 பால்னு எழுதி ஒட்டிட்டா போதுமாங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்கா, கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க ஊரு. மாடு வெச்சு சங்கத்துக்கு பால் ஊத்தற குடும்பம். இப்ப எங்க பக்கம் எந்த கடைக்கு போனாலும் ஏ2 பால், ஏ2 நெய்னு போர்டுங்க, சாதா பாலை விட ரெண்டு மடங்கு விலை, அதை வாங்கறது பெரும்பாலும் குழந்தைக்கு உடம்பு சேராம பயந்து போன அம்மாமாருதான், அதனாலதான் எழுதறேன்.

விஷயம் இவ்ளோதாங்க. பால்ல இருக்கற புரோட்டீன்ல பீட்டா கேசீன்னு ஒண்ணு, 209 அமினோ அமிலம் கோத்த சங்கிலி. அதுல 67வது இடத்துல ஹிஸ்டிடின் இருந்தா ஏ1, புரோலின் இருந்தா ஏ2. ஏ1 செரிக்கும்போது பிசிஎம்-7னு ஒரு துண்டு உடைஞ்சு வருது, அதனால சக்கரை வியாதி வரும் ஹார்ட் அட்டாக் வரும்னு கிளப்பி விட்டுட்டாங்க. ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2009ல எல்லா ஆராய்ச்சியையும் அலசிட்டு அப்படி ஒரு தொடர்பு நிரூபணம் ஆகலைன்னுதான் சொல்லுச்சு. ஏ2 குடிச்சா சில பேருக்கு வயிறு உப்புசம் கம்மியாகுதுன்னு சின்ன சின்ன ஆராய்ச்சிகள்ல வந்திருக்கு, அதை நான் இல்லைங்கலை.

ஆனா பக்கத்து வீட்டு பாப்பாவுக்கு பால் குடிச்ச கொஞ்ச நேரத்துல வாயைச் சுத்தி தடிப்பு தடிப்பா வந்து வாந்தி எடுத்துச்சுங்க. ஏ2 குடு சரியாயிடும்னு யாரோ சொல்லி வாங்கி குடுத்தாங்க, மறுபடியும் அதே தடிப்பு, கண்ணெல்லாம் வீங்கிப்போச்சு. டாக்டர் பார்த்துட்டு இது பால் அலர்ஜி, எந்த மாட்டுப் பாலும் ஆகாது, ஆட்டுப்பாலும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டார். அலர்ஜி பண்ற கேசீனும் சரி, பால் திரிஞ்சா பிரியற தண்ணில இருக்கற புரோட்டீனும் சரி, ஏ2 பால்லயும் இருக்குங்களே! பெரியவங்களுக்கு பால் குடிச்சா வயித்தால போறது பல பேருக்கு லாக்டோஸ் செரிக்காததால, அந்த லாக்டோஸும் ரெண்டு பால்லயும் ஒரே அளவுதான்.

அப்புறம் எது ஏ2ன்னு யாருங்க பார்க்கறா? சங்கத்துல காலைல கேனைத் திறந்து கரண்டில கலக்கி சாம்பிள் எடுத்து மெஷின்ல வெச்சா ஃபேட்டும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பும் தண்ணியும் போக மிச்சம் இருக்கற சத்து)தான் வரும், அதுக்குத்தான் காசு. ஏ1, ஏ2ன்னு அது காட்டாது. திமில் இருந்தா ஏ2, கறுப்பு வெள்ளை மாடுன்னா ஏ1னு கண்ணால பார்த்து சொல்றாங்க. காங்கேயம் மாதிரி நாட்டு மாட்டுல பெரும்பாலும் ஏ2தான், அது சரி, ஆனா அந்த கறுப்பு வெள்ளை ஹெச்எஃப் சீமை மாட்டுலயே முழு ஏ2 உண்டு, கலப்பு மாடு ரெண்டையும் கலந்து குடுக்கலாம், மரபணு டெஸ்ட் எடுத்தாத்தான் உறுதியா தெரியும்.

நெய் சமாச்சாரம்தான் எனக்கு ஆத்தாமையா இருக்குங்க. உருக்கி வடிகட்டின நெய்ல புரோட்டீனே கிட்டத்தட்ட கிடையாது, அதுல ஏது ஏ2? 2024 ஆகஸ்ட்ல நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு ஆணையம் இந்த ஏ1, ஏ2 லேபிள் எல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, ஒரு வாரம் கூட ஆகலை, வாபஸ் வாங்கிட்டாங்க. அதை மறுபடி கொண்டு வரச் சொல்லி நீங்க எழுதணும்ங்க. கூடவே ஒரு நல்ல குழந்தை டாக்டர்கிட்ட கேட்டு, பால் அலர்ஜிக்கு என்ன அறிகுறி, ஒரு வயசுக்குள்ள ஏன் மாட்டுப்பாலை தாய்ப்பாலுக்கு பதிலா குடுக்கக்கூடாதுன்னு அரை பக்கமாச்சும் போடுங்க, எங்க சங்கத்து போர்டுல நானே வெட்டி ஒட்டறேன்.

இப்படிக்கு,
பால் ஊத்தற ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை