நான் ஆற்றிக் கொடுத்த காபி

அன்புள்ள தம்பி,

நீ குடியை விட்டு இன்றோடு மூன்று ஆண்டுகள் நிறைகின்றன. தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். போன வாரம், கூட்டுறவுச் சங்கத்தில் என்னுடன் வேலை பார்த்த ஒருவர், குடியை நிறுத்துவதற்காகத் தம் மகனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் அந்த மாத்திரையின் பெயர் என்ன என்று வெண்ணாற்றுப் படித்துறையில் வைத்துக் கேட்டார். அது எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்ற நினைப்பு அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை. ஆகையால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதவில்லை. ஊரார் எப்படியும் கண்டுகொள்வார்கள்.

நீ சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருந்த மார்கழி அது. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய இரவு, திண்ணையில் உட்கார்ந்து நீ தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். மறுநாள் காலையிலிருந்து, அதுவரை அடுப்படிக்குள் நுழைந்தறியாத நான் உனக்குக் காபி போட ஆரம்பித்தேன். வெள்ளை மாத்திரை, 250 மில்லிகிராம், டம்ளரின் அடியால் நசுக்கிப் பொடித்தது. பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. நான்காம் நாள் நீ டபராவைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பா கைக் காபிக்குத் தனி ருசிம்மா" என்று சிரித்தாய். பல வருடங்களில் என்னைப் பற்றி நீ சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதற்குப் பிறகும் ஐந்து நாள் கலந்தேன்.

திருவள்ளுவர் தினத்தன்று மதுக்கடை இல்லை. மறுநாள், 2020 காணும் பொங்கலன்று, நீ போனாய். அந்தி சாய்வதற்குள் இரண்டு பேர் உன்னை வண்டியில் நடுவே வைத்துக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். முகமும் கழுத்தும் குங்குமமாய்ச் சிவந்திருந்தன, வாந்தி நிற்கவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. எல்லோரும் கள்ளச் சரக்கு என்றார்கள். நானும் தலையாட்டினேன். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனபோது, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் கேட்டார். உன் மாமா நின்றார், பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள், உன் காலைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். "இல்லை" என்றேன்.

பிறகு வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடிச் சொன்னேன். இடையில் பத்து நிமிடம் போயிருக்கும் என்று நினைக்கிறேன், கூடவும் இருக்கலாம்.

உனக்கு இதெல்லாம் தெரியும். படிக்கிற தகப்பன்மார்களுக்காகச் சொல்கிறேன். குடித்த சாராயம் உடலுக்குள் ஒரு நச்சாக மாறி, அந்த நச்சும் சிதைந்த பிறகுதான் வெளியேறுகிறது. மாத்திரை அந்தச் சிதைவைத் தடுப்பதால் நச்சு இரத்தத்தில் தேங்குகிறது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். தன் உடம்பில் அது இருக்கிறது என்று அறிந்தவன் குடிக்க அஞ்சுவான் என்பதே வைத்தியம். அறியாதவனுக்கு அது விஷம். இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகும் என்று அந்த மருத்துவர் சத்தம் போடாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தம்பி, குறுவை நெல் விற்ற பணம் இரண்டு வருடம் வீடு வந்து சேரவில்லை. உன் அக்காவின் ஆரத்தை அடகுக் கடையிலிருந்து மீட்டவன் நான். அதைப் பற்றி இன்றுவரை நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. மருத்துவரிடம் வா என்று எத்தனை முறை உன்னைக் கேட்டேன் என்பதையும் நீ கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் எழுத மாட்டேன். அக்கா புகுந்த வீட்டாரும் இதைப் படிக்கக்கூடும்.

அதன் பிறகு இரண்டு முறை விட்டதும் மறுபடி தொட்டதும் உனக்குத் தெரிந்த கதை. கடைசியில் நீயாகப் போய்ச் சேர்ந்து, குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் குடிக்காமல் இருந்த பிறகே தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, அதே மாத்திரையை உன் கையால் வாங்கி விழுங்கினாய். வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் அம்மா எதிரே. என் எதிரே ஒருநாளும் இல்லை. அந்த நாட்களில் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கு நானும் போனேன். பேசச் சொன்னபோது நெல் கொள்முதல் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இப்போது நீ ஊருக்கு வந்தால் பாலை நீயே காய்ச்சுகிறாய். வாசலுக்குப் போனாலும் டம்ளரைக் கையோடு எடுத்துப் போகிறாய். சில நாள் அது நியாயம் என்று படுகிறது. சில நாள் அந்த டம்ளரைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது.

சங்கத்து நண்பரிடம் பெயரைச் சொல்லவில்லை. மகனை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள் என்றேன். "அவன் வருவானா?" என்றார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருத்துவர் உன்னிடம் உண்மையைச் சொன்ன பிறகும் நீ அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்காகச் சொல்லாமல் விட்டாயா, எனக்காகவா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நாளைக் காலைக்குள் யாராவது படித்து அவளிடம் சொல்லிவிடுவார்கள். ஆகவே இன்றிரவே நான் சொல்லியாக வேண்டும். இலை போட்டுவிட்டு இரண்டாம் முறையாகக் கூப்பிடுகிறாள்.

அப்பா