காலர் திருப்பிய கைகள்

ஆசிரியருக்கு,

சட்டைக் காலர் மடிப்பில் நைந்துவிட்டால் அம்மா சட்டையைத் தூக்கிப் போட மாட்டார். தையலை நூல் நூலாகப் பிரித்து, காலரைத் திருப்பி வைத்து மறுபடி தைப்பார். நைந்த பக்கம் மடிப்புக்கு அடியில் போய்விடும்; சட்டை இன்னும் வெகுநாள் உழைக்கும்.

ஞாயிறுதோறும் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அப்பாவின் வேலை. 8 நாள் ஓடும் கடிகாரம் அது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்ததும் அந்த வேலை போயிற்று. பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ரிட்ஜ் வந்ததும், உறைந்த பனியை உருக்கித் துடைப்பதும் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் காலர் திருப்புவதை எந்த இயந்திரமும் ஏற்றுக்கொள்ளவில்லை. புதுச்சட்டை மலிந்தது, நாம் விட்டுவிட்டோம். என் பிள்ளைகளுக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது. இந்த விடுமுறையில் ஊசி நூலோடு அவர்களை உட்கார வைக்கப் போகிறேன்.

- ஒரு வாசகர்