வட்டக் கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களே, மாவட்ட மையத் தோழர்களே, காரைக்குடி வட்டத்தின் பல அரசுத் துறைகளிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை கிளை செய்ததையும் செய்யத் தவறியதையும் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த ஆண்டில் நம்மைவிட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கிளையின் அஞ்சலி.

நம் கோரிக்கை பழையதுதான்: சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியம் (சிபிஎஸ்) போக வேண்டும், பழைய ஓய்வூதியம் திரும்ப வேண்டும். 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு மாத ஓய்வூதியத்தை எடுத்துவிட்ட அரசாணை 259இன் தேதி 6.8.2003. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதே 6.8.2003தான். அதற்கு முந்தைய மாதம்தான் வேலைநிறுத்தம் செய்ததற்காக எஸ்மா, டெஸ்மா (அத்தியாவசியப் பணிப் பராமரிப்புச் சட்டங்கள்) என்று சுமார் 1,70,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். பின்னால் சேர்ந்த இளைய தோழர்கள் இந்த ஒரு தேதியையாவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டில் வெளியே நடந்தவை இரண்டு. ஒன்றிய அரசு 24.8.2024இல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது, 1.4.2025 முதல் அது நடைமுறை. 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் 50 சதவீதம், 10 ஆண்டு முடித்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊழியர் கட்டும் 10 சதவீதம் தொடரும். பழைய திட்டத்தில் ஊழியர் கட்டியது ஒன்றுமில்லை; ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெறலாம்; வருங்கால வைப்பு நிதி தனியாகக் கையில் இருந்தது. 'பாதியளவு ஓய்வூதியம்' என்ற சொல் இரண்டுக்கும் பொது, விலைதான் வேறு. அடுத்தது, 24.1.2025இல் தமிழக அரசு ஓய்வூதியத் திட்டங்களை ஆராய ஐஏஎஸ் அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் மூவர் குழு அமைத்து ஒன்பது மாதம் அவகாசம் கொடுத்தது. 2016இல் போட்ட குழுவின் அறிக்கை 2018இல் வந்ததையும், அதற்குப் பிறகும் 2019 ஜனவரியில் நாம் தெருவுக்கு வர வேண்டியிருந்ததையும் இங்கே இருக்கும் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆர்ப்பாட்டங்களில் கிளை கலந்துகொண்டது. ஐந்து விளக்கு அருகிலும் வட்டாட்சியர் அலுவலகம் முன்பும் கூட்டத்துக்குக் குறைவில்லை. சிவகங்கைக்கு வேன் வைத்தால் மட்டும் ஆள் குறைகிறது. அதைச் செயற்குழு தனியே பேசிக்கொள்ளும்.

வேலைநிறுத்த நாளில் என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆர்ப்பாட்டப் பந்தலுக்கு வருவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழி. வராமல் இருந்தால் போவது அன்றைய ஊதியம். கையெழுத்துப் போட்டுவிட்டு இல்லாமல் போனால் அது பொய்ப் பதிவு. 17பி என்னும் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணைக்கு நாமே எழுதிக் கொடுத்த சாட்சி. தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு வருவதிலும் பயனில்லை. அன்று விடுப்பு அனுமதிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்துவிடும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அனுமதியற்ற பணியின்மையாகத்தான் முடியும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது கிளையின் முடிவு. அவர்கள் அன்று சங்க நிதிக்குக் கொடுத்தால் போதும்.

ஊதிய இழப்பைப் பலர் மாதத்தை முப்பதாக வகுத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தந்த மாதத்தின் நாள்களால்தான் வகுக்க வேண்டும். அடிப்படை ஊதியம் 50,000, அகவிலைப்படி 53 சதவீதமான 26,500, ஆக 76,500 என்றால், வீட்டு வாடகைப்படியைச் சேர்க்காமலே, பிப்ரவரியில் ஒரு நாளுக்கு 2,732 ரூபாய் போகும், மார்ச்சில் 2,468. பிப்ரவரிப் போராட்டம் கொஞ்சம் விலை கூடியது.

போன பணத்தைவிட அதிக நாள் வலிப்பது பணிப்பதிவேட்டில் ஏறும் வரி. 2016, 2017, 2019 வேலைநிறுத்தக் காலங்களைப் பணிக்காலமாக முறைப்படுத்துவதாக 2021இல் அரசு அறிவித்தது. அந்த ஆணைப்படி நமக்கும் பதிவு மாறியிருக்கும் என்று நம்பிப் பலர் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை. கிளை முகாமில் புரட்டிப் பார்த்த பதிவேடுகள் சிலவற்றில் 'ஊதியமில்லா நாள்கள்' என்ற சிவப்பு மை வரி அப்படியே கிடந்தது, கீழே ரத்துக் குறிப்பு இல்லை. அந்த நாள்களுக்காக ஆண்டு ஊதிய உயர்வைத் தள்ளிப் போட்டிருந்தால், அந்தத் தேதியும் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். பழைய வரியை அடிக்கவோ வெள்ளை மை பூசவோ விடாதீர்கள். அதன் கீழே அரசாணை எண், தேதியோடு புது வரி எழுதி, அலுவலகத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பிறகு அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கிளை இந்த ஆண்டு அதிக நேரம் செலவிட்டது சிபிஎஸ் ஸ்லிப்பில், அதாவது பங்களிப்பு ஓய்வூதியக் கணக்குச் சீட்டில்தான். ஒற்றைக் காசு விடாமல் ஐந்தொகை போட்டுப் பார்த்த ஊர் இது. நம் உறுப்பினர்கள் தங்கள் பெயரில் இருக்கும் பேரேட்டைப் பார்க்காமல் பத்து வருடம் ஓட்டுகிறார்கள்! அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் நம் பங்கு, அதே அளவு அரசுப் பங்கு, மேலே வட்டி. இந்த ஆண்டு வட்டி வருங்கால வைப்பு நிதிக்கு உள்ளதுபோல 7.1 சதவீதம். மேலே சொன்ன 76,500க்கு நம் பங்கு 7,650, அரசின் பங்கு 7,650. ஒரு மாதம் விடுபட்டால் 15,300 ரூபாய், அதோடு அந்த மாதம் முதல் ஏற வேண்டிய வட்டியும்.

விடுபடுவது ஏன்? நாங்கள் பார்த்த வரையில் சம்பளப் பட்டியலைவிட நிலுவைப் பட்டியல்தான் அதிகம் கோளாறு செய்கிறது. 2024 ஜூலை முதல் அகவிலைப்படி 50இலிருந்து 53 ஆனது. மூன்று மாத நிலுவை என்று எடுத்தால், 50,000 அடிப்படைக்கு மாதம் 1,500, அதில் பிடித்தம் 150, ஆக 450 ரூபாய். இந்த 450 ஸ்லிப்பில் தனி வரியாக வந்திருக்கிறதா என்று தேடுங்கள். சிறு தொகை என்று விட்டால் பத்து முறை அகவிலைப்படி ஏறும்போது பத்து ஓட்டை விழும். மற்ற காரணங்கள்: சிபிஎஸ் எண்ணில் ஓர் இலக்கம் மாறி வேறொருவர் கணக்கில் ஏறுவது, துறை மாறியபின் எண்ணின் பின்னால் வரும் துறைக் குறியை மாற்றாமல் விடுவது, பணியில் சேர்ந்து எண் கிடைக்கும் வரை பிடித்தமே செய்யாமல் இருந்து, பிறகு மொத்தமாகப் பிடித்ததை மாதவாரியாகப் பிரித்துக் காட்டாதது, வேறு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு வேலை பார்த்த அயல்பணிக் காலம். இதில் அயல்பணிதான் சிக்கல், ஏனென்றால் பட்டியல் போட்ட அலுவலகம் வேறு, பதில் சொல்ல வேண்டிய அலுவலகம் வேறு.

சரிசெய்யும் வழி நீளமானது, ஆனால் கடினமில்லை. ஸ்லிப்பைப் பதிவிறக்கி மாதச் சம்பளச் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சமீப ஆண்டுகளுக்கு அரசு ஊழியர்களுக்கான 'களஞ்சியம்' செயலியில் கிடைக்கும். விடுபட்ட மாதத்துக்குப் பட்டியல் தொகை, டோக்கன் எண், கருவூலச் செலவுச் சீட்டு எண், தேதி நான்கும் வேண்டும். இவற்றோடு பிடித்த அட்டவணையின் நகலை இணைத்து, பணம் பெற்று வழங்கும் அலுவலர் சான்றோடு, முறையான வழியில் அரசு தகவல் தொகுப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். செலவுச் சீட்டு எண் இல்லாமல் அனுப்பிய கடிதங்கள் போன வேகத்திலேயே திரும்பின. பழைய பட்டியல்களின் அலுவலக நகல் கரையான் அரித்துப் போயிருந்தால் சார் கருவூலத்தில் எண்ணைக் கேட்டு வாங்கலாம். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது இதைத் தொடங்கினால் நடக்காது. நாளை எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கேட்கப்போவது இந்தக் கணக்கைத்தான். வாரிசு நியமனத்தையும் அதே கையோடு பாருங்கள். திருமணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதியது அப்படியே இருக்கிறது பலருக்கு.

ஓய்வு பெற்றோருக்கு: உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் ஆண்டு நேர்காணல் இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில். விரல்ரேகை பதியாத வயதானவர்களுக்கு அஞ்சல் ஊழியரை வீட்டுக்கு வரவழைத்து 70 ரூபாய்க் கட்டணத்தில் உயிர்வாழ் சான்று எடுத்தோம். முதல் நாள் இரவு விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக் காலையில் துடைத்துவிட்டால் ரேகை கொஞ்சம் படிகிறது.

செய்யத் தவறியவை: தேவகோட்டைத் தோழர்களோடு கூட்டு முகாம் நடத்தவில்லை, சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களின் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியத்தைப் பற்றிக் கிளையில் தனிக்கூட்டம் போடவில்லை. இரண்டுக்கும் பொறுப்பு என்னுடையது.

அடுத்த முகாமுக்கு வருபவர்கள் சிபிஎஸ் ஸ்லிப் முழுவதும், பணி நியமன ஆணை, சேர்ந்த நாள் முதல் உள்ள மாறுதல் ஆணைகள், பணிப்பதிவேட்டு நகல் ஆகியவற்றைக் கொண்டு வரவும். அலைபேசியில் எடுத்த மங்கிய படம் வேண்டாம், காகிதமாக வேண்டும்.

தோழமையுடன்,
செயலாளர், காரைக்குடி வட்டக் கிளை