கிணற்றைத் தொட்டால் நீர் ஊறுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சொல்லாராய்ச்சிப் பகுதியில், 'டச்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'தொடு'விலிருந்து பிறந்தது என்று எழுதி, அதற்கு வள்ளுவரைச் சாட்சிக்கு இழுத்து, 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளையும் அச்சிட்டிருந்தீர்கள். என் பேரன் அதை உரக்கப் படித்துவிட்டு, "டச் நம்முடையதாமே தாத்தா!" என்று துள்ளினான். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் குறளில் 'தொட்ட' என்றால் தோண்டிய என்று பொருள். தங்களுக்குத் தெரியாததல்ல. 31 ஆண்டுகள் வகுப்பில் நடத்திய குறள் அது. ஆண்டு தவறாமல் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "ஐயா, கிணற்றைத் தொட்டால் நீர் ஊறுமா?" என்பான். அவனுக்கு வந்த சந்தேகம்கூடத் தங்கள் கட்டுரையாளருக்கு வரவில்லை.

'டச்' பழைய பிரெஞ்சு வழியாகச் சுமார் 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல். அதற்கு முன் பேச்சு லத்தீனில் அது 'தொக்காரே'. 'டொக் டொக்' என்று தட்டும் ஓசையிலிருந்து பிறந்திருக்கலாம் என்பார்கள். ஸ்பானியர் இன்றும் தொடுவதற்கும் கதவைத் தட்டுவதற்கும் கிதார் வாசிப்பதற்கும் 'தொகார்' என்ற ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறார்கள். 'கான்டாக்ட்' வேறு வீட்டுப் பிள்ளை. 'தாங்கெரே' என்ற லத்தீன் வினையின் வழி வந்தது. அதையும் கட்டுரையாளர் இதே தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறார்.

ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்களுக்கா பஞ்சம்? கட்டுமரம் இருக்கிறது, சுருட்டு இருக்கிறது. பறை கொட்டியவர்களின் பெயர் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் ஆங்கில அகராதியில் ஏறியதும் நம் மண்ணிலிருந்துதான். அந்தக் கொடையைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. 'மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்' என்று குழந்தையைத் தழுவும் சுகத்துக்கு வள்ளுவர் எடுத்த சொல், பிற்பாடு தீண்டாமைக்குள் போய் மாட்டிக்கொண்ட கதையை எழுதச் சொல்லுங்கள். பக்கம் தானாக நிறையும்.

பொங்கல் மலரில் ஒரே பக்கத்தில் 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' இரண்டும் வந்ததைக் குறித்து மூன்று பக்கம் எழுதினேன். 'மலர் அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி.

அடுத்த இதழில் குறளுக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியை ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லலாம். என்னுடையது துலாம், ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருவாரூர்.