ஐந்து சோழியும் ஒரு செம்பும்

சாயல்குடி பக்கம்,
வைகாசி முதல் வாரம்.

அன்புள்ள ஒல்லிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். குழாயில் தண்ணீர் வருகிறது என்று தெருவில் சத்தம் கேட்டது, பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். தாலி கட்டுகிற நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலும் இங்கே பாதிப் பந்தல் காலியாகிவிடும், உனக்குத் தெரியாததா.

கோயம்புத்தூர் வீடு, மாடிப்படி, பக்கத்து வீட்டு நாய் என்று நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் காகிதம் மடிகிற இடத்தில் பொடி எழுத்தில், "பத்தாவது வாரம். வாய் மட்டும் சதா காஞ்சு கிடக்குடி" என்று எழுதியிருக்கிறாயே, ஏழு வருஷம் காத்திருந்து வந்த சேதியை இப்படியா மடிப்புக்குள் ஒளித்து வைப்பாய்? அடுப்படியில் நின்றபடியே அழுதுவிட்டேன். என் மகள் ஓடிவந்து "யாரும்மா செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

எனக்கு இது ஏழாம் மாதம். வாய் உலர்வதில் உனக்கு நான் அக்கா. அதனால் முதலில் அந்தக் கதை, ஊர்ச்சேதி அப்புறம்.

எனக்கு ஐந்தாம் மாதத்தில் தொடங்கியது. விடியற்காலையில் கண் விழித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தெடுத்தால் 'டொக்' என்று சத்தம் வரும். துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் ஒரு ருசி. சோறு மெல்ல மெல்ல மாவாகத் திரளுமே தவிர இறங்காது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊரில் யாருக்குத்தான் வாய் காயவில்லை? உப்பளத்தில் நிற்கிறவளுக்கும் காய்கிறது, பனை ஏறுகிறவருக்கும் காய்கிறது. வெயிலும் உப்புக் காற்றும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்த மாதச் செக்கப்புக்குப் போனபோது நர்ஸம்மா உதட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிற?" வாய் கூசாமல் "பத்து டம்ளர்" என்றேன். "ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?" என்றார் அடுத்து. அதற்குப் பொய் எதுவும் கைவசம் இல்லை. "நல்லெண்ணெய் மாதிரி" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வீட்டுக்கு வந்து மறுநாள் எண்ணிப் பார்த்தேன். நாலு டம்ளர். அதிலும் ஒன்று காப்பி.

ஏன் நாலு என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் திருச்சிப் பக்கமிருந்து நம்மூர் வரை குழாயில் வருகிறதுதான். ஆனால் எங்கள் தெருவுக்கு அது வருகிற நாள் வரும், வராத நாள் வராது. வராத நாளில் வண்டித் தண்ணீர், குடம் 10 ரூபாய். அந்தக் குடத்திலிருந்து முதலில் கடலுக்குப் போகிறவருக்கு ஒரு கேன். பிறகு மகளின் பள்ளிக்கூட பாட்டில். பிறகு மாமிக்கு வெந்நீர், உலைக்கு, குழம்புக்கு. எல்லாம் போக மிச்சம் இருப்பது எனக்கு. இப்படிக் குடி என்று யாரும் சொல்லவில்லை, நானாகவே கடைசியில் போய் நின்றிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. வாலிநோக்கத்தில் உப்பு வாரப் போன காலத்தில் ஒதுங்க மறைவு கிடையாது என்று மதியம்வரை பச்சைத்தண்ணீர் படாமல் இருப்போம். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. சாயல்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுகிற நாளிலும் அதே கதை.

நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. நிறைமாதம் நெருங்கும்போது உடம்பில் ஓடுகிற ரத்தமே முன்பிருந்ததைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிடுமாம். போதாக்குறைக்குப் பிள்ளையைச் சுற்றியிருக்கிற பனிக்குடத்து நீர் வேறு. இதற்கெல்லாம் தண்ணீர் எங்கிருந்து வரும், உன் எச்சிலிலிருந்துதான் பிடித்துக்கொள்ளும் என்றார். சிறுநீரை அடக்கி வைப்பதுதான் அதைவிட மோசம் என்றும் சொன்னார். சிறுநீர்ப்பையில் கிருமி சேர்ந்து, கவனிக்காமல் விட்டால் குறைமாதத்திலேயே வலி கண்டுவிடக்கூடுமாம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது என் ஏற்பாடு இதுதான். மாமியாரின் பழைய பித்தளைச் செம்பு ஒன்று, சரியாக அரை லிட்டர் பிடிக்கும். மாடக்குழியில் ஐந்து சோழி. மூக்கையூர்க் கரையில் மகள் பொறுக்கியது. ஒரு செம்பு குடித்தால் ஒரு சோழி இடமிருந்து வலம். பொழுது சாய்வதற்குள் ஐந்தும் வலப்பக்கம் போயிருக்க வேண்டும். மடமடவென்று கவிழ்க்காமல் வாய் நனைய நனைய, மடக்கு மடக்காக. சோழியை நகர்த்துகிற உத்தியோகம் மகளுக்கு. அவள் திருட்டுக்கழுதை. ஒருநாள் மத்தியானமே ஐந்தும் வலப்பக்கம் இருந்தன. கேட்டால், "தம்பிப் பாப்பா சீக்கிரம் வரட்டும்னு தள்ளினேன்" என்கிறாள்.

என் செம்பைப் பார்த்து மாமி முகம் சுளித்தார். "இப்பவே காலு வீங்கிக் கிடக்கு, இன்னும் தண்ணியக் குடிச்சா நீர் கோத்துக்கும்." உன் வீட்டிலும் யாராவது இதைச் சொல்வார்கள், பார். தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் குறையாது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்குவது சகஜம், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் வடிந்துவிடும். முகமும் கையும் திடீரென்று உப்பினாலோ, தலைவலி விடாமல் இடித்தாலோ, கண் மங்கினாலோ அன்றைக்கே ஓடு. அது பிரஷர் சமாச்சாரம், தண்ணீர் சமாச்சாரம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ராத்திரி உலர்ச்சி மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் வேறு. மாசமாக இருக்கும்போது மூக்கின் உள்பக்கமும் வீங்குமாம், சளியே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். நான் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கியிருக்கிறேன். அது தெரியாமல் கடையில் ஒரு சளி மாத்திரை கேட்டு வாங்கி நாலு ராத்திரி போட்டேன். தூக்கம் வரவழைக்கிற மாத்திரை அது. மூக்கு திறந்ததோ இல்லையோ, வாயில் கொஞ்சநஞ்சம் இருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிட்டது. மாசமாக இருப்பவள் கடையில் கேட்டா மருந்து வாங்குவாள் என்று நர்ஸம்மா கத்தியது வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகு அவர் கொடுத்த உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு, இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறேன். இப்போது பரவாயில்லை.

சர்க்கரையோ என்ற பயமும் இருந்தது. வாய் காய்ந்து, தாகம் அடங்காமல், அடிக்கடி ஒண்ணுக்குப் போனால் அதையும் பார்த்துவிட வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள். குமட்டலோடு விழுங்கிவிட்டு இரண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ரத்தம் எடுத்தார்கள். அதில் சர்க்கரை 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு 118. இதில் எனக்குப் பிடித்த விஷயம், வெறும் வயிற்றோடு வா என்று சொல்வதில்லை. இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினியாக வரச் சொன்னால் அடுத்த மாதம் அவள் வரவே மாட்டாள். இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னையின் சர்க்கரை நோய் டாக்டர் சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்களாம். 24இலிருந்து 28 வாரத்துக்குள் இந்த டெஸ்டைக் கட்டாயம் எடுத்துவிடு. முதல் தடவை போகும்போதே ஒன்று எடுப்பார்கள், அதில் சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடாதே.

சரி, இனி உன் கதை. உனக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, சிறுவாணி வீட்டுக்குள்ளேயே வருகிறது. உன் பிரச்சினை வாந்தியாகத்தான் இருக்கும். ஒரு டம்ளரை மொத்தமாகக் குடித்தால் அப்படியே வெளியே வரும். கால்மணிக்கு ஒருதரம் இரண்டு மடக்கு போதும். மோர் உப்புப் போட்டுக் குடி, இளநீர் குடி, நுங்கு கிடைத்தால் விடாதே. காப்பியைக் குறை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தங்கவில்லை, சிறுநீர் கறுத்துவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே, போய் டிரிப்ஸ் போட்டுக்கொள்.

வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதே. வயிற்றுப் புளிப்பு பட்டுப் பல் இளகியிருக்கும் நேரம் அது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுக் கொப்பளித்துவிட்டு, அரைமணி கழித்துத் தேய். எச்சில் குறைந்தால் பல்லுக்குக் காவல் குறைந்த மாதிரி. எனக்கு ஈறில் ரத்தம் வந்து, ஒரு கடைவாய்ப் பல்லே சொத்தையாகிவிட்டது. ஆறாம் மாதத்தில் பல் டாக்டரிடம் அடைத்துக்கொண்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரி பல் டாக்டரிடம் போகக்கூடாது என்பதெல்லாம் சும்மா. நடு மூன்று மாதம்தான் அதற்குச் சௌகரியமான காலம்.

அப்புறம், ஃப்ரிட்ஜ் ஐஸ்கட்டியை நாள் முழுக்கக் கடிக்கிறேன் என்று விளையாட்டாக எழுதியிருக்கிறாய். எப்போதாவது ஒன்று வாயில் போட்டுக்கொண்டால் சுகம்தான். ஆனால் ஐஸ் மேல் அப்படி ஒரு வெறி வந்தால் ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கலாம். ஹீமோகுளோபின் பார், 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே, போட்டது வீணாகும். நான் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுகிறேன். அந்தத் தண்ணீரைச் சப்பிக்கொண்டே இருக்காமல் விழுங்கிவிட்டு வாயைக் கொப்பளித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பல்தான் கூசும்.

என் பலவீனம் நெத்திலிக் கருவாடு. அது இல்லாமல் எனக்குக் கஞ்சி இறங்காது. தின்றால் அன்றிரவு நாக்கு பாளம் பாளமாக வெடிக்கிறது. இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டு வாரம் ஒருமுறை தின்கிறேன். இரண்டு முறை. சரி, மூன்று.

ஊர்ச்சேதி அதிகம் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கின்றன. இவர் நாட்டுப்படகுக்காரர், போய்த்தான் வருகிறார். நாலாம் மாதத்தில் பாம்பன் புதுப் பாலத்தில் ரயிலேறி ராமேசுவரம் போய் வந்தோம், 1914இல் திறந்த பழையதில் இப்போது ரயில் ஓடுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனார்களே, நினைவிருக்கிறதா? அலையடிக்கிற இடத்திலிருந்து இருபது முப்பது எட்டு தள்ளி ஒரு ஆத்தா மணலைக் கையால் தோண்டி, ஊறிய தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு கொடுத்தது. உப்பாகத்தான் இருக்கும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். நீ வாங்கி மடக்கென்று குடித்துவிட்டு, "சக்கரை மாதிரி இருக்குடி" என்றாய். மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து கிடக்கும் என்று சார் பஸ்ஸில் விளக்கியது எனக்குக் காதில் ஏறவே இல்லை. சிரட்டையை வாங்காமல் விட்டோமே என்றுதான் வழியெல்லாம் தவித்துக்கொண்டு வந்தேன்.

நுங்கு அனுப்பலாம் என்றால் கோவை போவதற்குள் புளித்துவிடும். பதநீரும் அப்படித்தான், இங்கேயே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால்தான் கள்ளாகாமல் இருக்கிறது. அதனால் இந்த வருஷத்துக் கருப்பட்டி இரண்டு கிலோ, ஓலைக்கொட்டானில் வைத்துப் பார்சல் போட்டிருக்கிறேன். உன் முதல் சுகர் டெஸ்ட் என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதாமல் கொட்டானைப் பிரிக்காதே. உன் மாமியாரையும் பிரிக்க விடாதே.

உன் பழைய பெஞ்சுக்காரி